கடனாநதிக் கரையோடு லட்சுமியை ஓட்டி வந்த அண்ணாச்சிக்கு

வீட்டுச் சுவரில் இன்னும் ஈரம் காயவில்லை. 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் வெள்ளத்தில் எப்படிப் போயின என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டுக் கூடவே இருந்த ஆசிரியர்களுக்கும், அம்மாவை முதுகில் தூக்கி வந்த தெருப் பையன்களுக்கும், சோறு பொங்கிப் போட்ட எல்லாருக்கும் என் கும்பிடு.

அப்புறம், திருப்புடைமருதூர்ப் பக்கத்து அண்ணாச்சி, உங்களுக்கு. பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை.

கடனாநதி சின்ன ஆறுதான். மலையிலிருந்து இறங்கி, சிவசைலம் பக்கத்தில் 85 அடி அணையில் நின்று, எங்கள் ஆழ்வார்குறிச்சியைத் தாண்டி, திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு சேர்ந்துவிடும். கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகமும் அந்தத் தண்ணீரில்தான். குளிப்பது, துவைப்பது, மாடு கழுவுவது எல்லாம் அங்கேதான். கோடையில் முழங்கால் நனையாமல் கடப்போம். அந்த ஆறுதான் கன்று போட்டு ஒரு மாதம்கூட ஆகாத எங்கள் பசு லட்சுமியைக் கொண்டுபோனது. கன்று திண்ணையில் நின்று கத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் நீங்கள். லட்சுமி கழுத்தில் புதுக் கயிறு, தொடைச் சிராய்ப்பில் மஞ்சள். இரண்டு ஆறும் கூடுவதற்கு முன்னாலேயே கரை ஒதுங்கியதால் இது கடனாநதி மாடுதான் என்று கண்டுகொண்டு, கொம்பின் நீலச் சாயத்தை அடையாளம் சொல்லி, ஊர் ஊராகக் கேட்டு நடந்தே வந்திருக்கிறீர்கள்.

உட்காரச் சொன்னோம். நின்றபடியே நீங்கள் முதலில் சொன்னது இதுதான்: "கேக்காம கறந்துட்டேன், தப்பா நெனைக்காதீய. மடி கல்லு மாதிரி இருந்துச்சி. பாலை முகாம்ல பிள்ளைகளுக்குக் குடுத்துட்டோம்."

உங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்ததைக் கிளம்பும்போதுதான் சொன்னீர்கள். அந்த நேரத்தில் யாரோ ஒருவருடைய மாட்டுக்கு மடி வலிக்குமே என்று நினைத்திருக்கிறீர்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

இத்தனை வருஷம் குளித்த ஆறு. எங்கள் படித்துறையைத் தாண்டும் தண்ணீர் யார் வாசலுக்குப் போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நாங்கள் வீசியதெல்லாம் உங்கள் பக்கம்தானே வந்திருக்கும். இனி என் வீட்டிலிருந்து ஒரு பாலிதீன் பைகூட ஆற்றில் விழாது.

அண்ணாச்சி, அடுத்த ஈற்றுக்கு லட்சுமி கிடாரி போட்டால் அது உங்கள் வீட்டுக்கு. பணத்தைத் தள்ளிவிட்ட மாதிரி இதையும் தள்ளக்கூடாது. பொங்கல் கழிந்ததும் உங்கள் கயிற்றைக் கொடுக்க வருகிறேன்.