தாத்தா அந்தக் கேள்விக்குள் இல்லை

அன்புள்ள கண்ணு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மாதிரித் தேர்வுத் தாளை ராத்திரி உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். சிசாட்டில், அதான் யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வின் திறனறித் தாளில், 30 சரி, 15 தப்பு, மொத்தம் 62.5. தேற 66 வேண்டும். 'எனக்கு ரீசனிங்கே வராதும்மா' என்று போனில் அழுதாயே, அது உண்மையில்லை. தப்பானவற்றில் பாதிக்கு மேல் ஒரே மாதிரித் தப்பு.

'எல்லா ஆசிரியர்களும் பட்டதாரிகள். சில பட்டதாரிகள் விவசாயிகள்.' இதை வைத்து 'சில ஆசிரியர்கள் விவசாயிகள்' என்ற விடையை அடித்திருக்கிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடலைக்காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிய தாத்தாவைப் பார்த்து வளர்ந்தவள் நீ. ஆனால் தாத்தா அந்தக் கேள்விக்குள் இல்லையே கண்ணு. பட்டதாரி வட்டத்துக்குள் ஆசிரியர் வட்டத்தைப் போடு. விவசாயி வட்டம் ஆசிரியரைத் தொடாமலே பட்டதாரி வட்டத்தை வெட்டிக்கொண்டு போகலாம். அப்படி ஒரு படம் வரைய முடிந்தாலே அந்த விடை போய்விட்டது. ஊரில் உண்மையாக இருப்பது வேறு, கொடுத்த இரண்டு வரியிலிருந்து வருவது வேறு.

அனுமானக் கேள்விக்கு, அதாவது ஒரு வாதம் வெளியே சொல்லாமல் எதை நம்பி நிற்கிறது என்று கேட்பதற்கு, விடையைத் திருப்பிப் போட்டுப் பார். 'பஸ் கட்டணத்தைக் குறைத்தால் சாலையில் கார்கள் குறையும்' என்கிறார்கள். 'காரில் போகிறவர்களில் சிலராவது பஸ்ஸுக்கு மாறுவார்கள்' என்பதை 'ஒருவர்கூட மாற மாட்டார்' என்று திருப்பு. வாதமே விழுந்துவிடுகிறது, அதுதான் விடை. நீ அடித்தது 'பஸ் பயணம் சுற்றுச்சூழலுக்கு நல்லது'. அதைத் திருப்பினால் வாதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பார்.

விடையில் 'மட்டுமே', 'எல்லா' என்று வந்தால் அதை உடனே தள்ளிவிடச் சொல்கிறார்களாம். எனக்கு அதில் சம்மதமில்லை. படிக்கக் கொடுத்த பத்தியே அப்படிச் சொல்லியிருந்தால் அதுதான் சரி.

அப்புறம், ஒரு தப்புக்கு 0.83 போகிறது. அந்த 15-ல் ஆறை மட்டும் தொடாமல் விட்டிருந்தால் 67.5 வந்திருக்கும். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால், கூட்டிக் கழித்துப் பார்க்கையில் சராசரியாக ஒன்றுமே மிஞ்சாது. இரண்டையாவது காரணத்தோடு தள்ள முடிந்தால் மட்டும் துணிந்து அடி.

அடுத்த தாளில், தள்ளிய ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் ஏன் தள்ளினாய் என்று பென்சிலில் இரண்டு வார்த்தை எழுதி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனில் சேர்ந்து பார்க்கலாம். டெல்லிக் குளிரில் ராத்திரி வெகுநேரம் முழிக்காதே.

அன்புடன்,
அம்மா