ஐந்து என்று படிப்பித்தேன், எனக்கு ஆறு

வெள்ளவத்தை, கொழும்பு 6
ஞாயிறு பின்னேரம்

அன்பின் மகேஸ்,

உம்முடைய கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. முழங்கால் நோவைப் பற்றி ஒரு பக்கம், எம்.ஆர்.ஐ. எடுக்கப் பயம் என்று இரண்டு பக்கம். கதிர் அடித்து வேறு வருத்தம் வந்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர். கேட்டதும் சரியான ஆளிடம்தான். போன மாசம் நானே அந்தக் குழாய்க்குள் இருபத்தைந்து நிமிசம் கிடந்துவிட்டு வந்தேன். நீர் கவலைப்படுவீர் என்று எழுதாமல் விட்டது.

எனக்கு நாரி, முதுகின் அடிப்பகுதி. நாரியில் தொடங்கின நோ இடது காலின் பின்பக்கத்தால் இறங்கிக் குதிக்கால் மட்டும் கரண்ட் அடிக்கிற மாதிரிப் போகும். காலி வீதியில் பஸ்ஸில் ஏற ஏலாமல் போனபிறகுதான் டொக்டரிடம் போனேன். முதலில் எக்ஸ்ரே. படத்தைப் பார்த்துவிட்டு "எலும்பு பரவாயில்லை ரீச்சர்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நோவுக்கும் ஒன்றும் இல்லையாமே! வீட்டுக்கு வந்து யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. முப்பத்தொரு வருசம் நானே படிப்பித்ததுதானே: எலும்பில் கல்சியம் இருப்பதால் அது எக்ஸ்கதிரைத் தடுத்து வெள்ளையாக விழும். தசை, நரம்பு, எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற தட்டு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். எனக்கு நொந்தது எலும்பு அல்ல. எலும்பைக் காட்டுகிற படத்திடம் போய் நரம்பைப் பற்றிக் கேட்டால் அது என்ன சொல்லும்?

இனி உம்முடைய கதிர்ப் பயம். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்கதிர் கிடையாது. நீர் அதை எக்ஸ்கதிரால் எடுக்கிற சீ.ரீ. ஸ்கானோடு குழப்பிவிட்டீர். இரண்டும் நடுவில் ஓட்டை உள்ள வெள்ளைப் பெட்டி என்றபடியால் எல்லாரும் குழப்புகிறார்கள். கணக்கு ரீச்சருக்குக் கணக்கிலேயே சொல்கிறேன். காற்றிலும் மண்ணிலும் சாப்பாட்டிலும் இருந்து உலகத்தில் ஒரு ஆளுக்கு வருசத்துக்குச் சராசரி 2.4 மில்லிசீவேட் இயற்கைக் கதிர் கிடைக்கிறது. நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே கூடிப்போனால் 0.1. பதினைந்து நாள் சும்மா இருந்தாலே அவ்வளவும் வந்துவிடும். நெஞ்சுக்கு சீ.ரீ. என்றால் ஐந்தாறு மில்லிசீவேட், அதாவது இரண்டு வருசத்துக்கு மேல். அதனால் சீ.ரீ.யைத் தேவையில்லாமல் எடுக்கக்கூடாது; தேவை வந்தால் பயந்து விடவும் கூடாது. வயிற்றில் பிள்ளை பார்க்கிற ஸ்கானுக்கும் எம்.ஆர்.ஐ.க்கும் இந்தக் கணக்கே இல்லை. முதலாவது காதுக்குக் கேட்காத வெறும் சத்தம், நாங்கள் கழியொலி என்று படித்தது.

சீ.ரீ. உம்முடைய பாடம் என்று உமக்குத் தெரியுமோ? ஒரு பேப்பரில் இரண்டுக்கு இரண்டு கட்டம் போடும். உள்ளே உள்ள இலக்கங்களை மறைத்துவிட்டு வரிகளின் கூட்டுத்தொகை 10, 5 என்றும், நிரல்களின் கூட்டுத்தொகை 7, 8 என்றும் சொல்கிறேன். கண்டுபிடியும் பார்ப்போம். ஏலாது, பல விடை வரும். மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்குச் சரிவாகக் கூட்டினால் 4 என்று இன்னொன்று சொன்னால் உடனே பிடிபடும்: மேலே 3, 7, கீழே 4, 1. சீ.ரீ. செய்கிறதும் இதுதான். கதிர்க் குழல் உடம்பைச் சுற்றிவந்து, உடம்பு கதிரை எவ்வளவு தடுத்தது என்று எல்லாச் சரிவிலும் கூட்டுத்தொகை எடுக்கும், கணினி கட்டத்துக்குள் இருக்கும் இலக்கங்களைக் கண்டுபிடிக்கும். 1917இலேயே ராடன் என்ற ஒஸ்திரியக் கணிதர் இதற்கு வழி எழுதிவைத்துவிட்டார். பிறகு தனியாக இருந்து இதே கணக்கைப் போட்ட கோர்மக் என்ற பௌதிகவியலாளருக்கு அது கனகாலம் தெரியவே தெரியாது. ஹவுன்ஸ்பீல்ட் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தார். கோர்மக்குக்கும் ஹவுன்ஸ்பீல்டுக்கும் 1979இல் நோபல் பரிசு, அதுவும் மருத்துவத்துக்கு. கணக்கு யாருக்கு உதவும் என்று கேட்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல உமக்கு ஒரு கதை.

சரி, என் குழாய்க்கு வருகிறேன். தாலிக்கொடி, காப்பு, கொண்டை ஊசி, சேலையில் குத்தின பின் எல்லாம் கழற்றச் சொன்னார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்று நான் விவாதிக்கப் பார்த்தேன். "உலோகம் சூடாகும் அம்மா" என்றான் அந்தப் பெடியன். வாயை மூடிக்கொண்டு கழற்றினேன். அந்தக் காந்தம் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தத்தைப்போல் 30,000 மடங்குக்கும் மேல். எங்கள் உடம்பில் தண்ணீரிலும் கொழுப்பிலும் இருக்கிற ஐதரசன் கருக்கள் அதற்குள் கொஞ்சம் ஒரு பக்கமாக ஒழுங்குபடும். 64 மெகாஹேட்ஸ் வானொலி அலை ஒன்றால் அவற்றைத் தட்டிவிட்டால், அடங்கும்போது அவை திருப்பி முணுமுணுக்கும். எஃப்.எம். நிலையங்களுக்குக் கொஞ்சம் கீழேதான் அந்த அலைவரிசை. ஆனால் நான் கேட்டது முணுமுணுப்பு அல்ல. உள்ளே இருக்கும் சுருள்களில் கரண்ட் விட்டுவிட்டு ஓட அவை அதிரும்; கொங்கிறீற் உடைக்கிற சத்தம். கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டி கவசத்தை மூன்று தரம் சொன்னேன், நடுவில் வரி மறந்தது.

பிறகு டொக்டர் படத்தைத் திரையில் போட்டார். மகேஸ், அதைச் சொல்லாமல் இருக்க ஏலாது. கரும்பலகையில் நான் முண்ணாணை, அதுதான் முதுகெலும்புக்குள் ஓடுகிற நரம்புத் தண்டை, ஒரு தடித்த கோடாக இடுப்பு மட்டும் இழுத்துவிடுவேன். படத்தில் அது முதலாம் நாரி முள்ளென்பு அளவிலேயே கூராக முடிந்துவிட்டது. அதற்குக் கீழே வெள்ளைத் தண்ணீருக்குள் நரம்பு இழைகள் கறுப்பு மயிர்மாதிரித் தொங்குகின்றன. குதிரைவால் என்று அதற்குப் பெயர் வைத்தவன் வடிவாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறான். மேலே உள்ள தட்டுகள் நடுவில் வெளுப்பாக, தண்ணீர் உள்ளவையாக இருந்தன. அடித்தட்டு கறுத்து, பின்னால் பிதுங்கி, இடது நரம்பு வேரில் முட்டிக்கொண்டு நின்றது. படத்தில் அது வலப்பக்கம். நோயாளி எதிரே நிற்கிறமாதிரித்தான் படத்தை வைப்பார்களாம். சிறுநீரகத்தைப் பக்கம் மாற்றிக் கீறி நீர் அடிவாங்கினது ஞாபகம் வந்தது.

அதுவல்ல பெரிய விசயம். டொக்டர் முள்ளென்புகளைப் பேனையால் எண்ணிக்கொண்டு வந்தார். நின்றார். திருப்பி எண்ணினார். "ரீச்சருக்கு நாரியில் ஆறு இருக்கு" என்றார். நாரிக்குக் கீழே உள்ள திருவென்பில் ஒட்டியிருக்கவேண்டிய முதல் துண்டு ஒட்டாமல் தனியாக நின்றுவிட்டதாம். அபூர்வம் இல்லை, வருத்தமும் இல்லை. ஆனால் ஊசியோ ஒப்பரேசனோ என்றால் சரியாக எண்ணாவிட்டால் பிழையான இடத்தில் கைவைத்துவிடுவார்கள். கழுத்தில் ஏழு, நெஞ்சில் பன்னிரண்டு, நாரியில் ஐந்து, திருவென்பில் ஐந்து, வாலில் நாலு என்று பாட்டாகச் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கு ஏழு, பன்னிரண்டு, ஆறு, நாலு, நாலு. கூட்டுத்தொகை 33 மாறவில்லை, அது உமக்குச் சந்தோசமாக இருக்கும். ஒருமுறை ஒரு பிள்ளை நாரியில் ஆறு கீறிவிட்டாள் என்று சிவப்புப் பேனையால் வெட்டினேன். இப்போது அவள் எங்கேயோ.

உங்கள் மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிசன் டொக்டர் கிறீன் 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்ற உடற்கூற்றுப் புத்தகத்தைத் தமிழில் கொண்டுவந்தவர் அல்லவா? ரொன்ட்ஜன் 1895இல் எக்ஸ்கதிரைக் கண்டபோது கிறீன் செத்துப் பதினொரு வருசம். உயிரோடு இருக்கிற ஒரு ஆளின் எலும்பை வெட்டாமல் எண்ணலாம் என்பது அவர் காணாத ஒன்று. அவரும் ஐந்து என்றுதான் படிப்பித்திருப்பார்.

அறிக்கையைப் படித்து நான் இரண்டு நாள் நித்திரை கொள்ளவில்லை: தேய்வு, வறட்சி, பிதுக்கம், பழைய வீட்டுச் சாமான் பட்டியல் மாதிரி. பிறகு டொக்டர்தான் சொன்னார், நோவே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்து 2015இல் பார்த்தபோது இருபது வயதுக்காரரில் 37 வீதத்துக்கும் எண்பது வயதுக்காரரில் 96 வீதத்துக்கும் தட்டுத் தேய்வு இருந்ததாம். நோவும் படமும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் கதை. எனக்குப் பொருந்தியது. பயிற்சியும் நடையுமாக இப்போது பாதி சுகம்.

ஆகவே உம்முடைய டொக்டரிடம் கேளும்: எதைப் பார்க்க எம்.ஆர்.ஐ.? எலும்பு நுனியை மூடியிருக்கிற கசியிழையம் தேய்ந்ததா என்றால் நின்றபடி எடுக்கிற சாதாரண எக்ஸ்ரேயில் எலும்புக்கு நடுவே இடைவெளி குறைந்திருப்பதே பலதரம் போதும். சவ்வு கிழிந்ததா என்றால்தான் எம்.ஆர்.ஐ. வேண்டும். அப்படியே எடுத்தாலும் முழங்காலுக்குக் கால்தான் முதலில் உள்ளே போகும், தலை பெரும்பாலும் வெளியே இருக்கும். கவசம் சொல்லத் தேவைப்படாது.

இங்கே வந்து எடுக்கிறதென்றால் யாழ்தேவி ரயிலில் வாரும், பஸ்ஸில் முழங்காலை மடக்கிக்கொண்டு வரவேண்டாம். எங்கள் வீடு நாலாம் மாடி. லிஃப்ட் வேலைசெய்கிறதோ என்று புறப்பட முதல் கோல் எடுத்துக் கேளும். போன வருசம் எடுத்த எக்ஸ்ரே படம் இருந்தால் அதையும் கொண்டுவாரும். சுருட்டாமல்.

அன்புடன்,
புனிதா