எச்சில் கைரேகை ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

எச்சிலில் இருக்கும் பாக்டீரியாவை வைத்து ஆளை அடையாளம் காணலாம் என்ற உங்கள் அறிவியல் பக்கக் கட்டுரையைப் படித்தேன். முப்பது வருடம் பிறர் வாய்க்குள்ளேயே பிழைப்பு நடத்தியவன் என்பதால் இரண்டு முறை படித்தேன். ‘இன்னொரு கைரேகை’ என்று தலைப்பு வைத்ததுதான் உறுத்துகிறது.

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வு நல்ல ஆய்வு. கடித்த இடத்தில் கிடைத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளின் டிஎன்ஏவையும் கடித்தவர் பல்லில் எடுத்ததையும் ஒப்பிட்டார்கள். அவரவர் கடி அவரவர் பல்லோடுதான் அதிகம் ஒத்துப்போனது. எச்சிலில் உள்ள நொதிகள் மனித டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். கிருமிக்குக் கெட்டியான செல் சுவர் இருப்பதால் அது தாக்குப்பிடிக்கும். சரி, ஆனால் சோதிக்கப்பட்டவர்கள் மொத்தம் 16 பேர். ஒரு டவுன் பஸ்ஸில் இதைவிட அதிகம் பேர் ஏறுவார்கள்.

அப்புறம், கடிக்காயம் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? என்னிடம் வந்த பெண்கள் பலர் “நாய் கடிச்சிடுச்சு டாக்டர்” என்பார்கள். மனிதப் பல் எப்படிப் பதியும் என்று எனக்குத் தெரியாதா? வீட்டுக்குள் நடப்பதுதான். கஞ்சியை ருசி பார்த்த ஸ்பூனாலேயே அம்மா குழந்தைக்கு ஊட்டும்போது சொத்தைப் பல் கிருமியும் சேர்ந்தே போகிறது. அண்ணாந்து குடிக்கும் பழக்கமும் குறைந்துவிட்டது. இப்படிக் கிருமிகள் கலந்துபோகிற ஒரே வீட்டில் அண்ணன் கடித்தானா தம்பி கடித்தானா என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா என்பதையல்லவா முதலில் சோதிக்க வேண்டும்?

பல் தடத்தை நம்பி அமெரிக்காவில் ரே குரோன் என்பவருக்கு 1992இல் மரண தண்டனையே விதித்தார்கள். கொலையானவரின் உடையில் இருந்த எச்சிலின் டிஎன்ஏ வேறொருவனுடையது என்று தெரிந்து 2002இல்தான் விட்டார்கள். கோணல் பல்தான் அவர் செய்த குற்றம். அந்தத் தடத்தையும் அன்று நிபுணர்கள்தான் அடித்துச் சொன்னார்கள்.

ஆராய்ச்சி நடக்கட்டும். அதுவரை நம் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் ஒன்று செய்யலாம். கடிக்காயத்தோடு யாராவது வந்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதற்கு முன் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்து, உலர்த்தி, உறையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல் மருத்துவர்,
கும்பகோணம்.