பல் அடைப்புப் பொருள் ஆய்வாளர்களுக்குப் பினாங்கிலிருந்து ஒரு திறந்த மடல்

மலேசியப் பல்கலைக்கழகங்களில் பல் மருத்துவப் பொருள்களை ஆராயும் பேராசிரியர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

செபராங் பிறை வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளிலும் தோட்டங்களிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற பள்ளிப் பல் மருத்துவத் தாதி நான். நியூசிலாந்து முறையைப் பின்பற்றி 1949இல் பினாங்கில் தொடங்கப்பட்ட பயிற்சிப் பள்ளிதான் எனக்கும் தொழில் கற்றுக்கொடுத்தது. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பாதரசம் கலந்த வெள்ளி நிற அடைப்பான அமால்கத்துக்கு மாற்றாக நீங்கள் உருவாக்கும் பொருள்களை, அவை கடைசியில் போய்ச் சேரவிருக்கும் மக்களின் வாய்களிலேயே பல ஆண்டுகள் சோதித்துப் பாருங்கள். கிடைத்த முடிவை அவர்களிடமே, அவர்களுக்குப் புரியும் மொழியில் திரும்பி வந்து சொல்லுங்கள்.

அவகாசம் குறைவு. அமால்கத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். 2013இல் ஏற்கப்பட்டு 2017 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள், 2025 நவம்பரில் ஜெனிவாவில் கூடியபோது, பல் அடைப்பில் அமால்கத்தின் பயன்பாட்டை 2034க்குள் முடித்துக்கொள்ள இணங்கின. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி முதலே தடை. இந்த முடிவை நான் மனமார வரவேற்கிறேன். இறந்தவரை எரியூட்டும் வழக்கமுள்ள நம் சமூகத்தில், அவருடைய கடைவாய்ப் பல்லில் இருந்த பாதரசமும் சுடலையின் வெப்பத்தில் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்போம்? ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமால்கம் மலிவானது, எச்சில் ஈரத்தைப் பொறுத்துக்கொள்வது, பத்து ஆண்டுகளுக்கு மேலும் பல்லில் நிலைத்து நிற்பது. அதன் இடத்துக்கு வரும் பொருள் மூன்றே ஆண்டுகளில் பெயர்ந்து விழுந்தால், மறுபடியும் துளையிட்டு, மறுபடியும் அடைத்து, ஒவ்வொரு முறையும் நல்ல பல்லில் கொஞ்சம் இழந்து, மேலும் பொருளும் மின்சாரமும் செலவழித்துத்தான் ஆக வேண்டும். அதைச் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று எந்தக் கணக்கில் சொல்ல முடியும்?

நம் நாட்டு ஆய்வாளர்கள் சும்மா இருக்கவில்லை என்பதை நான் அறிவேன். நெல் உமியிலிருந்து சிலிக்காவைப் பிரித்தெடுத்து, அதைக் கம்போசிட் எனும் பல் நிறப் பிசின் அடைப்புக்கு உறுதி தரும் நிரப்பியாகச் சேர்க்கும் முயற்சி, அறிவியல் மலேசியப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் புலத்தில் நடந்திருக்கிறது. அதைப் படித்தபோது என் பாட்டியின் நினைவு வந்தது. அவர் கடைசிவரை உமிக்கரியால்தான் பல் துலக்கினார். அந்தக் கரியில் இருந்த அதே சிலிக்கா அவர் பற்களைத் தேய்த்தும் விட்டது. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். கெடாவிலும் செபராங் பிறையிலும் ஆலைகளின் பின்புறம் குவியும் உமி ஒரு பிள்ளையின் பல்லை அடைக்கப் பயன்படுமானால் அதைவிட மகிழ்ச்சி எனக்கு இல்லை. இருந்தும் அது பாதி விடைதான். நிரப்பியைப் பிணைக்கும் பிசின் இன்னும் பெட்ரோலியத்திலிருந்துதான் வருகிறது. கம்போசிட்டை வைக்கப் பல் நன்கு உலர்ந்திருக்க வேண்டும்; இறுக வைக்க ஒளிவிளக்கும் வேண்டும்.

தோட்டத்து மண்டபத்தில் பல் முகாம் நடத்தியபோது எங்களுக்குக் கைகொடுத்தது, விளக்கில்லாமல் தானாகவே இறுகும் கிளாஸ் ஐயோனமர் என்ற அடைப்புப் பொருள். அதன் கண்ணாடித் தூளையும் அமிலத் திரவத்தையும் கலந்தால் பளபளப்பான பசை கிடைக்கும். அந்தப் பளபளப்பு மங்குவதற்குள் குழியில் வைத்துவிட வேண்டும், மங்கிய பிறகு அது பல்லோடு ஒட்டாது. வெயில் ஏறிய மண்டபத்தில் கலவை சீக்கிரமே இறுகும் என்பதால், கலக்கும் கண்ணாடித் தட்டை ஐஸ் பெட்டியில் வைத்திருப்போம். வெளியே எடுத்த மறுகணமே தட்டு வியர்க்கும். துடைத்துவிட்டுக் கலக்க வேண்டும், துடைக்கும் நேரத்தில் அது மீண்டும் சூடாகும். உங்கள் தரச்சோதனைகளில் இதே பொருளை 23 பாகை செல்சியஸ் அறையில் கலக்கிறீர்கள். அங்கே கிடைக்கும் அளவீடுகள் தவறானவை அல்ல. ஆனால் அவை எங்கள் மண்டபத்து அளவீடுகள் அல்ல.

வெற்றிலை போடும் முதியவர்களின் வாய் இன்னொரு உலகம். ஒரு மூதாட்டி எனக்கு வாயைத் திறந்து காட்டியது இன்றும் கண்முன் நிற்கிறது: பாக்கை மென்று மென்று தட்டையாகிப்போன கடைவாய்ப் பற்கள், வலக் கன்னத்தின் உள்ளே அவர் வழக்கமாக வெற்றிலையை அதக்கும் இடத்தில் மட்டும் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு திட்டு. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பு உறுதிப்படுத்தியது. மலேசிய இந்தியர்களிடையே வாய்ப் புற்றுநோய் நம் மக்கள்தொகை விகிதத்தை மீறிக் காணப்படுகிறது. புதிய அடைப்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே வாயைத் திறந்து பார்க்கும் ஆய்வாளர், கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் ஒரு நிமிடம் பார்த்தால் போதும். புற்றுநோயாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டும் சிவப்புத் திட்டும் நேரத்தோடு கண்ணில் படும். ஒரே செலவில் இரண்டு பயன். இதைவிடச் சிக்கனமான ஆய்வுத் திட்டத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆய்வுக்குழு ஒரு முறை எங்கள் வட்டாரத் தோட்டத்துக்கு வந்து, லயத்துப் பெண்களின் எச்சில் மாதிரிகளை எடுத்துச் சென்றது. அவர்களால் வாசிக்க முடியாத மொழியில் இருந்த ஒப்புதல் படிவத்தில் கைரேகை வைத்தார்கள். ‘என் வாயில் என்ன கண்டுபிடித்தார்கள்?’ என்று என்னிடம் அவர்கள் பல மாதம் கேட்டார்கள். குழு திரும்பி வரவே இல்லை, என்னிடமும் பதில் இல்லை. அதன்பின் அடுத்த முகாமுக்கு அழைத்தபோது பாதிப் பேர் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே, 2034க்கு முன் நிதி ஒதுக்கும் ஒவ்வொரு அடைப்புப் பொருள் ஆய்விலும் சமூகக் கள ஆய்வுக்கென ஒரு பங்கை ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். குறைந்தது ஐந்து ஆண்டுகள் அதே மனிதர்களைப் பின்தொடருங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் அச்சிடுங்கள். எழுத்தறியாதவருக்கு வாசித்துக் காட்ட ஒருவரை அனுப்புங்கள். முடிவுகள் ஆய்விதழுக்குப் போகும் அதே மாதத்தில் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் அந்தத் தோட்டத்துக்கும் பள்ளிக்கும் வரட்டும். நன்றாக இருக்கும் பழைய அமால்கம் அடைப்பைப் பயந்து பிடுங்கிக்கொள்ளத் தேவையில்லை என்பதையும் அதில் எழுதுங்கள். இப்போதே பலர் என்னிடம் அதைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

நிபோங் திபால் பக்கம் களப்பணிக்கு வருவதானால், வீடு வீடாக அழைத்துச் செல்ல ஓய்வுபெற்ற தாதியர் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். கண்ணாடித் தட்டும் ஐஸ் பெட்டியும் இன்னும் என்னிடம் உள்ளன.

மரியாதையுடன்,
ஓய்வுபெற்ற பள்ளிப் பல் மருத்துவத் தாதி,
செபராங் பிறை, பினாங்கு