சிரங்குக்கு பெர்மெத்ரின் க்ரீம் போடுபவர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். ஸ்கேபீஸ் எனும் சொறிசிரங்குக்கு டாக்டர் 5% பெர்மெத்ரின் க்ரீம் எழுதிக் கொடுத்திருந்தால், தயவுசெய்து அரிக்கும் இடத்தில் மட்டும் தடவாதீர்கள். பலரும் செய்யும் தவறு இதுதான். கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, நகத்தடி, தொப்புள், தொடையிடுக்கு எதையும் விடாமல் இரவில் தடவி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளியுங்கள். நடுவில் கை கழுவினால் கைக்கு மறுபடியும் தடவ வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

அரிப்பு இல்லாவிட்டாலும் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போடுங்கள். அன்றே துணி, படுக்கை விரிப்புகளை வெந்நீரில் துவையுங்கள்.

அப்புறம், அரிப்பு சில வாரங்கள் நீடிக்கலாம். பயந்துபோய் தினமும் தடவ வேண்டாம், தோல்தான் எரியும். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் என்றால் டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.