நெட்டச்சிக்கு குட்டச்சி எழுதுறது

அடியே நெட்டச்சி, வளைகாப்பு பத்திரிக்கை வாட்ஸ்அப்ல பாத்தேன்டி. நீ ஆயா ஆகப்போறியா! நேத்துதான் நர்ஸ் ட்ரெய்னிங் கட் அடிச்சுட்டு தேவனாம்பட்டினம் பீச்சுல சுண்டல் தின்ன மாதிரி இருக்கு. வாய்ஸ் மெசேஜ் போட்டா பாதி கேட்டுட்டு போயிடுவ, அதான் உக்காந்து டைப் அடிக்கிறேன், முழுசா படி.

எனக்கு முட்டி வலி, ஸ்கூட்டி ஓட்டமுடியல, பெரியவன் பாலிடெக்னிக், சின்னது பிளஸ் டூ. அவ்ளோதான் வீட்டு சேதி. மத்ததெல்லாம் வேலைதான்.

போன தடவை ஃபோன்ல கேட்டியே, பிறப்புத் திட்டம் பிறப்புத் திட்டம்ங்கறியே அது என்னடி, ஃபாரம் ரொப்புறதுதானேன்னு. எனக்கு கோவம் வந்துச்சு, ஆனா நீ சொன்னதுல பாதி உண்மைதான். எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, கூட யாரு, ரத்தம் யாரு தருவா, இதெல்லாம் கர்ப்பிணிக்கு குடுக்கற தாய் சேய் அட்டைல எழுதணும். எழுதுவோம். எல்லா வீட்லயும் ஒரே பதில்தான், வண்டி 108, கூட புருஷன், ரத்தம் புருஷன். அந்த புருஷன் ராத்திரி ரெண்டு மணிக்கு கடல்ல இருப்பான்டி, டவரே இருக்காது, அவன எங்க போய் தேடறது. என் ஏரியா மீனவ குப்பத்துல பொண்ணுக்கு வலி வந்தா கெளம்பலாம்னு சொல்றது யாரு தெரியுமா, மாமியார்தான். அவங்கள கேக்காம ஃபாரம் ரொப்பி என்ன புண்ணியம்.

நாம படிச்சப்ப தமிழ்நாட்டுல லட்சம் பிரசவத்துக்கு 134 தாய் செத்தாங்க, அது 2001-03 கணக்கு. 2018-20ல அது 54. இந்தியா முழுக்க 97. பெருமைதான், இல்லன்னு சொல்லல. 24 மணி நேர பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்), 2008ல 108, பெரியாஸ்பத்திரில சீமாங்ங்கற அவசர பிரசவ பிரிவு, எல்லாம் சேந்துதான் கொறஞ்சுது. ஆனா இன்னும் மிச்சம் இருக்கறது கட்டடம் கட்டி கொறையாதுன்னு எனக்கு தோணுது, அது வீட்டு திண்ணைல இருக்கு.

ஒரு கதை சொல்றேன், பேர் வேணாம். என் ஏரியா பொண்ணு, தலைச்சன் பிரசவம், ஹெச்பி (ஹீமோகுளோபின்) எட்டுதான், ரத்தசோகை. சத்து மாத்திரை குடுத்தா கருப்பா போகுதுன்னு தூக்கி போட்டுடுவா. அயர்ன் ஊசி போட ஆரம்பிச்சு ரெண்டு டோஸ் ஏறுச்சு, அதுக்குள்ள வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்கு போயிட்டா. அம்மா வீடு பாகூர் பக்கம். முள்ளோடை தாண்டுனா பாண்டி, வேற கவர்மெண்ட்டு, வேற நர்ஸ், வேற ரிஜிஸ்டர். என் ரெஜிஸ்டர்ல அவ இருக்கா, ஊர்ல இல்ல. அங்க ஊர்ல இருக்கா, ரெஜிஸ்டர்ல இல்ல. தாய் சேய் அட்டைய மாமியார் வீட்டு பீரோல புடவைக்கு அடில வச்சிட்டு போயிருக்கா, பத்திரமாம்! வலி வந்ததும் பக்கத்துல ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிருக்காங்க. புள்ள நல்லா பொறந்துடுச்சு, நஞ்சுக்கொடியும் வந்துடுச்சு, ஆனா கர்ப்பப்பை சுருங்கல, ரத்தம் நிக்காம போகுது. அங்க ஏத்த ரத்தம் இல்ல. ஹெச்பி கம்மின்னு அட்டை இருந்திருந்தா அட்மிஷனே போட்டிருக்க மாட்டாங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரா போங்கன்னு சொல்லியிருப்பாங்க. ரத்தப்போக்கு வந்தா ரெண்டு மணி நேரம்தான் டைம்னு நம்ம டியூட்டர் பெஞ்ச தட்டி தட்டி சொல்லுவாங்களே, அதுல ஒரு மணி நேரத்துக்கு மேல யார் ரத்தம் சேரும்னு ஃபோன் போடறதுலயே போச்சு. பொழைச்சுட்டாடி. எப்படின்னு இன்னிக்கும் எனக்கு புரியல. நான் ரெண்டு நாள் சாப்பிடல, அவ அம்மா வீட்டு அட்ரஸ நான் கேக்கவே இல்லையேன்னு.

அதுக்கப்புறம் ஏழாம் மாசமே மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சு பேசுறேன். டீ குடுப்பாங்க, ஒரு மணி நேரம் ஆகும், மேலதிகாரி கேட்டா ஒரு வீட்ல இவ்ளோ நேரமான்னு திட்டுவாங்க, திட்டிக்கட்டும். அம்மா வீடு எங்க, என்னிக்கு போவ, அங்க நர்ஸ் யாரு, அவங்களுக்கு நானே ஃபோன் பண்ணிடுவேன். ஒரே குரூப் ரத்தம் உள்ள ரெண்டு பேரு தெருவுலயே பாத்து வைக்கணும், கடலுக்கு போறவன் கணக்குல கெடையாது. கால் வீங்கி தலைவலி வந்து கண்ணு மங்கலா தெரிஞ்சா காத்து கருப்புன்னு மந்திரிக்க போகக்கூடாதுன்னு மாமியார் வாயாலயே சொல்ல வைப்பேன், அப்பதான் அது நிக்கும்.

2024 ஃபெஞ்சல் புயல்ல இது உதவுச்சு. ஒருத்தி கடைசி தீட்டு எப்பன்னு கேட்டா தேதி தெரியாது, மாசி மகம் முடிஞ்சு மூணு நாள்ங்கறா! காலண்டர் பாத்து ஒம்பது மாசம் ஏழு நாள் கூட்டுனா பிரசவ தேதி டிசம்பர் முதல் வாரம் வருது. நவம்பர் 30 புயல்னு சொன்னதும் முன்னாடியே கூட்டிட்டு போய் அட்மிட் பண்ணிட்டோம், அவ மாமியாரே பைய தூக்கிட்டு முன்னால நடந்தாங்க. ரெண்டு நாள் கழிச்சு சாத்தனூர் டேம் தண்ணி தென்பெண்ணைல வந்து ரோடு முழுக்க வெள்ளம், அப்ப வலி வந்திருந்தா எந்த 108 உள்ள வந்திருக்கும் சொல்லு.

சரி, இப்ப உன் பொண்ணுக்கு வருவோம். அவ நெய்வேலில இருந்து வில்லியனூர் வர்றா, அதே கதைதான், எல்லை தாண்டி தாய்வீடு. வளைகாப்பு சீர்வரிசை லிஸ்ட்ட அனுப்புனியே, பழம் ஸ்வீட்டுன்னு இருபத்தியொரு தட்டு, அதுல தாய் சேய் அட்டை எங்கடி? அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், கர்ப்பத்த பதிஞ்ச பிக்மி நம்பர் எல்லாம் அவ கைப்பைலயே வரணும், சம்பந்தி வீட்டு பீரோல இல்ல. கடைசியா பாத்த ஹெச்பி எவ்ளோ, ரத்த குரூப் என்ன, ராத்திரி உன் தெருவுல எந்த ஆட்டோக்காரர் எழுந்து வருவாரு, இது மூணையும் எனக்கு ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பு. அனுப்பலன்னா வளையலோட நானே வந்து கேப்பேன், எல்லார் முன்னாடியும்.

மாமாவுக்கு சுகர் செக் பண்ணியாச்சா?

உன் குட்டச்சி
கடலூர்