முறைப்பாட்டுக் கடிதம்: நடந்து போகும் தூரத்தில் இல்லாத கடல்

முகாமையாளர் அவர்களுக்கு,
பயண முகவர் நிலையம், பரிஸ்.

விடயம்: லாண்ட் மாவட்டக் கம்பிங்கில் ஜூலை மாதக் குடும்ப விடுமுறை. விளம்பரத்துக்கு மாறான இடம். கட்டணத்தை மீளக் கோரல்.

ஐயா,

வணக்கம். கடந்த ஜூலையில் எங்கள் குடும்பம் உங்கள் நிறுவனம் ஊடாக, சனி முதல் சனி வரை, பிரான்சின் தென்மேற்கில் லாண்ட் மாவட்டத்தில் உள்ள ஒரு கம்பிங்குக்கு (விடுமுறை முகாமுக்கு) போய் வந்தது. பணம் முழுவதையும் புறப்பட முன்னரே கட்டியிருந்தோம். அங்கிருந்தே ரெலிபோன் எடுத்து நிலைமையைச் சொன்னேன். திரும்பி வந்த பிறகும் சொன்னேன். "பார்த்துச் சொல்லுறம்" என்பதற்கு மேல் உருப்படியான பதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் இதைப் பதிவுத் தபாலில், பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியோடு அனுப்புகிறேன்.

நான் கேட்டது என்ன என்பதில் சந்தேகம் வர இடமில்லை. உங்கள் காரியாலயத்துக்கு நேரில் வந்தபோது உங்கள் ஊழியர் தன் கையாலேயே படிவத்தை நிரப்பினார். எங்களிடம் கார் இல்லை. அம்மாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, தடி ஊன்றித்தான் நடப்பார். மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஆறு, இருவருக்கும் நீச்சல் சரிவரத் தெரியாது. அம்மா யாரையும் எதிர்பாராமல் காலையிலும் பின்னேரத்திலும் கடற்கரைக்குப் போய் இருந்துவிட்டு வர வேண்டும், எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். படிவத்தின் கடைசியில் "கடற்கரை நடந்து போகும் தூரம், கட்டாயம்" என்று எழுதி அடியில் கோடும் இழுத்திருக்கிறார். பொருத்தமான இடத்தைத் தேடித் தருவதற்கென்று "தெரிவுக் கட்டணம்" 85 யூரோ தனியாக வாங்கினீர்கள். பற்றுச்சீட்டில் அந்த வரி தனியாகவே இருக்கிறது.

இனி நீங்கள் தெரிவு செய்த இடம். உங்கள் பிரசுரத்தில் நீல அலையும் வெண்மணலும் உள்ள பெரிய படம். அதன் கீழே "பிஸ்கரோஸ் கடலோரம், 4 நட்சத்திரம், குழந்தைகளுக்கு ஏற்ற அமைதியான கடல்." உண்மையில் அந்தக் கம்பிங் இருப்பது பராந்திஸ் ஏரியின் (பிஸ்கரோஸ் ஏரி என்றும் சொல்வார்கள்) கிழக்குக் கரையில். அங்கிருந்து பிஸ்கரோஸ் ஊருக்கே போக வேண்டும். ஊரிலிருந்து பிஸ்கரோஸ் பிளாஜ் என்ற கடற்கரைக் குடியிருப்புக்கு இன்னும் சுமார் 10 கிலோமீட்டர். மொத்தம் 20 கிலோமீட்டர் அளவு. பிஸ்கரோஸ் என்ற பெயர் ஊருக்கும் உண்டு, கடற்கரைக்கும் உண்டு, ஏரிக்கும் உண்டு. முதல் தடவை போகிற குடும்பத்துக்கு அது தெரியாது. ஆனால் அந்த இடத்தை விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைச் சொன்னபோது உங்கள் ஊழியர் தந்த விளக்கத்தை எழுதாமல் விட முடியவில்லை: "அண்ணை, வரைபடத்தில பாருங்கோ, நேர மேற்கால போனா கடல்தானே." பார்த்தேன். நேராக மேற்கே போனால் முதலில் ஏரி, அதுவும் இந்தக் கரையில் நின்றால் அடுத்த கரை ஒரு கோடாகத் தெரிகிற அளவு பெரிய ஏரி. அதற்கு அப்பால் பைன் காடு. அந்தக் காடும் அதன் கடலோரமும் 1960களிலிருந்து பிரெஞ்சு இராணுவத்தின் ஏவுகணைப் பரிசோதனைத் தளம். பொதுமக்கள் அதற்குள் கால் வைக்க முடியாது. ஆக, வரைபடத்தில் நீங்கள் காட்டிய குறுக்குப் பாதை முழங்கால் நோவுள்ள ஒரு அம்மாவை ஏரியை நீந்திக் கடக்க வைத்து, ஏவுகணைத் தளத்துக்குள்ளால் கடலுக்குக் கூட்டிப் போகிறது.

ஏரி அழகானதுதான், அதை மறுக்கவில்லை. 1954இல் அங்கே எண்ணெய் கண்டுபிடித்து, தண்ணீருக்கு நடுவிலேயே கிணறுகள் அமைத்திருக்கிறார்கள். மகன் அதைப் பார்த்துக்கொண்டே பொழுதைப் போக்கினான். கம்பிங் நடத்துகிறவர்கள் மீதும் எனக்கு ஒரு குறையும் இல்லை. தங்களுடையது ஏரிக்கரைக் கம்பிங் என்று அவர்களுடைய பலகையிலும் பிரசுரத்திலும் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். கடலோரம் என்று எழுதியது நீங்கள் மட்டும்தான். அம்மா மட்டும் பின்னேரம் ஆனதும் "கடல் எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டபடி இருந்தார்.

போய்ச் சேர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். ரயில் ரிக்கற்றும் நீங்களே போட்டுத் தந்தீர்கள். பரிசின் மொன்பர்னாஸ் நிலையத்திலிருந்து பொர்தோவுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்தது, அந்தப் பயணத்தில் குறையில்லை. அங்கிருந்து சின்ன ரயிலில் இஷூ என்ற நிலையத்தில் இறங்கச் சொன்னீர்கள். இறங்கினோம். நிலையத்திலிருந்து கம்பிங்குக்கு எப்படிப் போவது என்பது நீங்கள் தந்த தாளில் எங்கும் இல்லை. சனிக்கிழமை பின்னேரம், வெயில், சூட்கேசுகள், சோற்றுப் பானை, அம்மா. கடைசியில் டாக்சிதான். கார் இல்லாத குடும்பம் என்று எழுதி வாங்கியவர்கள் கார் இல்லாமல் அசைய முடியாத ஒரு இடத்தைத் தெரிவு செய்தது எந்தக் கணக்கில் என்பதை எனக்கு விளக்க வேண்டும்.

பிள்ளைகளின் கரைச்சல் தாங்காமல் ஒரு நாள் டாக்சி பிடித்துக் கடலுக்கும் போனோம். உங்கள் பிரசுரத்திலேயே ஆபத்தான வரி எது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. "குழந்தைகளுக்கு ஏற்ற அமைதியான கடல்" என்று எழுதியிருக்கிறீர்களே, பக்கத்து மாவட்டமான ஜிரோந்திலும் லாண்டிலும் அத்திலாந்திக் கடல் அப்படிப்பட்டதல்ல. கரைக்கும் மணல் திட்டுக்கும் நடுவே பள்ளங்கள் உண்டாகின்றன, அங்கே அவற்றை "பாயின்" என்கிறார்கள். மேலே பார்த்தால் குளம்போலத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். பிள்ளைகளை இறக்க அதைவிட நல்ல இடம் இல்லை என்றே தோன்றும். கடல் வற்றிப் பெருகும்போது அந்தத் தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாகக் கடலுக்குள் இழுபடும், அதில் நிற்கிற ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு கோடையிலும் அங்கே ஆட்கள் மூழ்குவது இதனால்தான். எங்கள் சின்னவள் அப்படி ஒரு பள்ளத்தை நோக்கித்தான் ஓடினாள். உயிர்காப்பாளர் விசில் ஊதித் தடுத்து, மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்கலாம் என்று சொன்னார். அன்று கம்பத்தில் மஞ்சள் கொடி, முழங்கால் அளவுக்கு மேல் பிள்ளைகளை விடவில்லை. அம்மா கடலைப் பார்க்கவேயில்லை. கரைக்கு இறங்குவதற்கு முன் மணல் மேட்டில் ஏற வேண்டியிருந்தது. பாதி வழியில் தடி புதைந்துவிட்டது.

நீந்தத் தெரியாத இரண்டு பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தக் கடலை "அமைதியான கடல்" என்று எழுதி விற்பது வெறும் விளம்பர மிகைப்படுத்தல் என்று நான் நினைக்கவில்லை. மற்றதையெல்லாம் காசுக் கணக்கில் தீர்க்கலாம். இந்த வரியை உடனடியாக நீக்குங்கள்.

"4 நட்சத்திரம் தந்தனாங்கள்தானே" என்றும் சொன்னார்கள். கம்பிங்குகளுக்கு வழங்கும் நட்சத்திரம் வரவேற்பு, கழிப்பறை, நீச்சல் தடாகம், இடவசதி போன்றவற்றைப் பார்த்து 5 வருடத்துக்கு ஒருமுறை தரப்படுவது. கடல் எவ்வளவு தூரம் என்று அது சொல்வதில்லை. கடலிலிருந்து வெகு தொலைவில் மலையடிவாரத்திலும் 5 நட்சத்திரக் கம்பிங் உண்டு.

கடலோரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம் என்று சொல்லியிருந்தால் அதை ஏற்றிருப்பேன், அது உண்மையும்கூட. 1986 ஜனவரி 3ஆம் திகதிய கரையோரச் சட்டப்படி, குடியிருப்புகளுக்கு வெளியே கரையிலிருந்து 100 மீட்டர் அகலப் பட்டியில் புதிதாகக் கம்பிங் திறக்க முடியாது. எனவே அலைக்குப் பக்கத்தில் உள்ளவை பெரும்பாலும் பழையவை, எண்ணிக்கை குறைவு, ஜூலை ஆகஸ்டுக்கு மாதக்கணக்கில் முன்னரே நிரம்பிவிடும். இதை எனக்கு எடுத்துச் சொல்வதற்கும், "ஜூனில் போங்கள்" அல்லது "500 மீட்டரில் ஒன்று இருக்கிறது, பாதை சமதரை" என்று யோசனை தருவதற்கும்தானே தெரிவுக் கட்டணம்?

எங்கள் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்திருந்தால் பதில் வெகுதூரத்தில் இல்லை. மேற்கே வோந்தே மாவட்டக் கரையில் சான் ஜோன் து மோன் என்ற ஊர் இருக்கிறது. கிலோமீட்டர் கணக்கில் நீளும் மென்மணல், கடல் மெல்ல மெல்லத்தான் ஆழமாகும். வற்றும்போது தண்ணீர் தூரப் போய்விடும், ஆனால் பிள்ளைகளுக்கு ஈரமணலே போதும். தெற்கே போவதானால் ஆர்ஜெலெஸ் சூர் மேர். ஊரிலேயே ரயில் நிலையம், ஐம்பதுக்கு மேற்பட்ட கம்பிங்குகள், மத்தியதரைக் கடலில் வற்றுப்பெருக்கும் பெரிதாக இல்லை. திரமோந்தான் காற்று எழும்பினால் மணல் முகத்தில் அடிக்கும், ஆட்களும் அதிகம். அந்தக் குறைகளைச் சொல்லி விற்றிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்போம். ஆர்ஜெலெஸிலும் பழைய ஊர் வேறு, பிளாஜ் வேறு. யாருக்கு விற்றாலும் எது என்று பார்த்து எழுதுங்கள். எந்தக் கடல், கரை எப்படி இறங்குகிறது, வாசலிலிருந்து மணல்வரை நடைபாதை எப்படி, ரயிலிலிருந்து இறங்கினால் பஸ் உண்டா: இவற்றைக் கேட்காமல் குடும்பக் கம்பிங் தெரிவு செய்ய முடியாது. உங்களிடம் மொத்தமாக எடுத்து விற்கப்படாமல் கிடந்த மொபில்ஓம் (கம்பிங்கில் வாடகைக்கு விடும் சிறு வீடு) அங்கே இருந்தது, அதில் எங்களைப் போட்டுவிட்டீர்கள் என்பதே என் எண்ணம். இல்லை என்றால் எழுத்தில் மறுக்கலாம்.

சில்லறை விடயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படுக்கை விரிப்புக்கும் கடைசி நாள் துப்புரவுக்கும் தனிக் காசு என்பதை வாசலில்தான் அறிந்தோம். நீச்சல் தடாகத்தில் அரைக்காற்சட்டையும் ரீசேட்டும் போட்டு இறங்க முடியாது, நீச்சலுடைதான் வேண்டும். பிரான்சில் இது பரவலான விதி, எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. தமிழில் பிரசுரம் அடிக்கிற நிறுவனம் தமிழில் எழுத வேண்டிய முதல் விடயமே இதுதான். என் மனைவி வாரம் முழுவதும் தடாகக் கரையிலேயே இருந்தார். இன்னொன்று, "பின்னேரத்தில் கரி அடுப்பில் கோழி வாட்டலாம்" என்று வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தீர்கள். கரி மூட்டை வாங்கிக்கொண்டு போனோம். வரவேற்பில் இருந்த பெண் அதைக் கண்டதும் முகம் மாறிவிட்டார். 2022 ஜூலையில் லா தெஸ்த் காட்டுத் தீயில் பிலா மணற்குன்றின் அடிவாரத்துக் கம்பிங்குகள் ஐந்து எரிந்துபோனது அங்கிருந்து அதிக தூரத்தில் இல்லை. பைன் காட்டுக்குள் கரி மூட்ட விடுவார்களா?

சட்டத்தைப் பற்றியும் ஓரிரு வார்த்தை. ரயில் ரிக்கற்றையும் தங்குமிடத்தையும் ஒரே விலையில் சேர்த்து விற்றதால் இது சுற்றுலாச் சட்டக்கோவையின்படி ஒரு பயணப் பொதி. எல் 211-16ஆம் பிரிவின்கீழ் அதன் முழுப் பொறுப்பும் விற்றவருக்கே. கம்பிங்கைக் கை காட்டிவிட்டு விலக முடியாது. நடமாட்டம் குறைந்தவருக்கு அந்த இடம் பொருந்துமா என்று பயணி கேட்டால், ஒப்பந்தத்துக்கு முன்னரே துல்லியமான தகவல் தர வேண்டும் என்பதும் அதே சட்டக்கோவையில் உண்டு. அம்மாவின் முழங்கால் விடயம் உங்கள் படிவத்திலேயே இருக்கிறது. இல்லாத கடலைக் காட்டி விற்பது நுகர்வோர் சட்டக்கோவையில் ஏமாற்று வணிக நடைமுறை என்ற தலைப்பின்கீழ் வரும்.

ஆகவே நான் கோருவது: தெரிவுக் கட்டணம் 85 யூரோவும் முழுமையாக, மொபில்ஓம் வாடகையில் பாதி, இஷூ நிலையத்திலிருந்து கம்பிங்குக்கும் பிறகு கடற்கரைக்கும் கொடுத்த டாக்சிக் காசு. இவற்றை 30 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். அடுத்த தடவை கழிவு தருகிறோம் என்று ரெலிபோனில் சொன்னதை ஏற்கவில்லை. பிரசுரத்தில் கடல் படத்தை எடுத்துவிட்டு ஏரியின் படத்தைப் போடுங்கள். ஏரிக்கரை விடுமுறை வேண்டும் என்று தேடிப் போகிற குடும்பங்களும் இருக்கின்றன. பயண முகவர்களைப் பதிவு செய்யும் அத்து பிரான்ஸ் அமைப்பில் உங்கள் பதிவு இலக்கமும், நீங்கள் இணைந்திருக்கும் நுகர்வோர் மத்தியஸ்தரின் விபரமும் பற்றுச்சீட்டில் காணப்படவில்லை, பதிலில் அவற்றைக் குறிப்பிடுங்கள்.

திருப்தியான பதில் வராவிட்டால் கோவையை மத்தியஸ்தரிடம் ஒப்படைப்பேன், நுகர்வோர் முறைப்பாடுகளுக்கான அரச இணையத்தளமான சிக்னல்கொன்சோவிலும் பதிவேன். நிரப்பிய படிவம், பற்றுச்சீட்டு, பிரசுரத்தின் அந்தப் பக்கம், வட்ஸ்அப் செய்திகள், டாக்சிச் சீட்டுகள் எல்லாவற்றின் பிரதிகளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். மூலப் பிரதிகள் என்னிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(பதிவு இலக்கம் பற்றுச்சீட்டில் உள்ளவாறு)